சொல் உதிர்ந்த அளவுகோல்: ஐந்து நட்சத்திரங்களின் வரலாறு

இணையக் கடையில் ஒவ்வொரு பொருளின் கீழும் ஐந்து நட்சத்திரங்கள் நிற்கின்றன. வாங்கியவர் அவற்றுள் ஒன்றைத் தொட்டால் போதும். அவருடைய அனுபவம் ஓர் எண்ணாகிவிடும். ஆயிரம் பேர் தொட்டால் அந்த எண்களின் சராசரி, ஒரு தசமத்தோடு, பொருளின் தரம் என்ற பெயரில் காட்சிக்கு வரும். 4.3 பெற்ற மிக்சி 4.1 பெற்ற மிக்சியைவிட மேலானது என்று அடுத்து வாங்குபவர் முடிவு செய்கிறார்.

இந்த ஏற்பாடு இன்று இயற்கையானது போலத் தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, பயண வழிகாட்டி நூல்களில் தோன்றிய சிறப்புக்குறி. மற்றொன்று, உளவியல் துறையில் உருவான மனப்பான்மை அளவுகோல். இவ்விரு மரபுகளிலும் குறிக்கும் எண்ணுக்கும் பின்னால் ஒரு சொல் நின்றது. இணையத்தில் இரண்டும் கலந்தபோது முதல் மரபிலிருந்து நட்சத்திரத்தின் வடிவம் வந்தது. இரண்டாவதிலிருந்து கூட்டலும் வகுத்தலும் வந்தன. சொற்கள் வழியில் உதிர்ந்துவிட்டன. தரமதிப்பீட்டின் நியாயம் குறித்து இன்று எழும் சிக்கல்களில் பல இந்த உதிர்விலிருந்து தொடங்குபவை.

1. வழிகாட்டியின் குறி

மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேய எழுத்தாளரின் ஐரோப்பியப் பயண நூலை 1820இல் லண்டனில் ஜான் மர்ரி வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பணியில் இருந்த ஒருவரின் மகள் ஸ்டார்க். இந்தியாவைக் களமாகக் கொண்ட நாடகங்களையும் எழுதியவர். ஓவியங்களையும் சிற்பங்களையும் பட்டியலிடும்போது, சிறப்பு மிகுந்தவற்றின் பெயரை அடுத்து அவர் வியப்புக்குறிகளை இட்டார். சிறப்பு கூடக் கூட வியப்புக்குறிகளும் கூடின. கையில் நேரம் குறைவாக உள்ள பயணி எதைத் தவறவிடக்கூடாது என்பதை ஒரே பார்வையில் அறிய அந்தக் குறிகள் உதவின.

ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர் 1840களில் தம் வழிகாட்டி நூல்களில் நட்சத்திரக் குறியைக் கொண்டுவந்தார். பிரான்சில் டயர் நிறுவனமான மிஷெலின், 1900 முதல் வெளியிட்டுவந்த தன் வழிகாட்டியில் 1926இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கி, 1931இல் அதை மூன்று படிகளாக விரித்தது. 1936இல் அந்தப் படிகளின் பொருளை அச்சிட்டு வரையறுத்தது. ஒரு நட்சத்திரம் என்றால் தன் வகையில் மிக நல்ல உணவகம். இரண்டு என்றால் வழியைவிட்டுச் சற்று விலகிச் செல்லத் தகுந்தது. மூன்று என்றால் அதற்காகவே பயணம் புறப்படத் தகுந்தது.

இந்த வரையறையில் கவனிக்கத்தக்கவை மூன்று உண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியம் பயணி செய்யவேண்டிய செயலைச் சொல்கிறது. மதிப்பிடுபவர் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஆகவே ஆண்டுதோறும் நூலைப் புரட்டுபவர் அவருடைய கைச்சுருக்கத்தையும் தாராளத்தையும் பழகிக்கொள்ள முடிந்தது. மூன்றாவதாக, நட்சத்திரம் இல்லாமை இகழ்ச்சி ஆகவில்லை. அளவுகோல் 'நன்று' என்ற இடத்தில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே எதையும் அது சொல்லவில்லை.

நட்சத்திரம் பழிசொல்லவும் கற்றுக்கொண்டது நியூயார்க் நகரில். 1928 ஜூலையில் டெய்லி நியூஸ் நாளிதழின் திரைவிமர்சகர் ஐரீன் தைரர் திரைப்படங்களுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கினார். மூன்று நட்சத்திரம் உச்சம். ஒன்றுமே இல்லாவிட்டால் படம் மோசம். மிஷெலின் வழிகாட்டியில் நட்சத்திரமின்மை ஒரு மௌனம். தைரரின் பத்தியில் அது ஒரு தீர்ப்பு. பாராட்டுக்கு மட்டுமே பயன்பட்ட குறி, பாராட்டையும் கண்டனத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தும் அளவுகோலாக இங்கே மாறியது. ஆயினும் மதிப்பிட்டவர் ஒருவர்தான். அவர் ஏன் அப்படி மதிப்பிட்டார் என்பதை அதே பத்தியில் வாசிக்கலாம்.

2. உளவியலாளரின் படிகள்

இரண்டாவது மரபு ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அதன் முதற் பாடம் ஓர் எச்சரிக்கை. 1920இல் எட்வர்ட் தார்ன்டைக், இராணுவ அதிகாரிகளை அவர்களின் மேலதிகாரிகள் மதிப்பிட்ட விவரங்களை ஆராய்ந்தார். உடலமைப்பு, அறிவுத்திறன், தலைமைப் பண்பு, நடத்தை ஆகியன தனித்தனிப் பண்புகள். அவற்றுக்கான மதிப்பெண்களோ இயல்புக்கு மீறி ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஒருவரைப் பற்றிய பொதுவான எண்ணம் எல்லாப் பண்புகளின்மீதும் ஒளிவட்டம் போலப் படர்ந்துவிடுகிறது என்று தார்ன்டைக் முடிவுகண்டார். பெட்டி நசுங்கி வந்த காரணத்தால் மிக்சிக்கு ஒரு நட்சத்திரம் விழும்போது நிகழ்வதும் இதுவே.

1928இல் லூயிஸ் தர்ஸ்டன் மனப்பான்மையை அளக்க முடியும் என்று வாதிட்டு ஒரு வழியை வகுத்தார். ஒரு பொருள் குறித்த வாக்கியங்களை ஏராளமாகத் திரட்டி, நடுவர் பலரிடம் கொடுத்துப் பதினொரு அடுக்குகளாகப் பிரிக்கச் செய்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பை முன்கூட்டியே நிறுவும் வழி அது. உழைப்பு மிகுந்த வழி. அதை எளிதாக்கியவர் ரென்சிஸ் லைக்கர்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1932இல் ஐம்பத்தைந்து பக்கங்களில் வெளிவந்தது. ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் என்றதும் இன்றும் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான்.

ஆனால் லைக்கர்ட் செய்தது என்ன என்பதைத் துல்லியமாகப் பார்க்கவேண்டும். அவர் மாணவர்களின் முன் ஒரு வாக்கியத்தை வைத்தார். அதை உறுதியாக ஏற்கிறீர்களா, ஏற்கிறீர்களா, முடிவு செய்ய இயலவில்லையா, மறுக்கிறீர்களா, உறுதியாக மறுக்கிறீர்களா என்று கேட்டார். ஐந்து படிகளுக்கும் ஐந்து சொற்றொடர்கள் இருந்தன. 1 முதல் 5 வரையிலான எண்கள் அவற்றுக்குப் பின்னால் ஆய்வாளரின் கணக்குக்காக இடப்பட்டவை. ஒரு வாக்கியத்தோடும் அவர் நிற்கவில்லை. பன்னாட்டு உறவு, கறுப்பினத்தவர் நிலை, ஏகாதிபத்தியம் என ஒவ்வொரு பொருளுக்கும் பல வாக்கியங்களை அமைத்தார். சில ஒரு பக்கம் சாய்ந்தவை. சில எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. எதைக் கேட்டாலும் ஆம் சொல்லும் பழக்கம் விடையைக் கெடுக்காமல் இருக்க இந்த மாற்றிவைப்பு உதவியது. எல்லா விடைகளின் கூட்டுத்தொகையே ஒருவரின் மனப்பான்மைக்கு அளவு. பிற விடைகளோடு ஒத்துப்போகாத வாக்கியங்கள் சோதித்து நீக்கப்பட்டன.

ஆக, லைக்கர்ட் அளவுகோல் என்பது சொற்கள் பொறித்த பல படிக்கட்டுகளின் தொகுதி. இணையக் கடையின் ஐந்து நட்சத்திரங்களில் வாக்கியம் இல்லை. பல இடங்களில் படிகளுக்குச் சொல்லும் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் எழுதப்படாதது. எதற்கு நட்சத்திரம் தருகிறோம்? பொருளின் உழைப்புக்கா, கொடுத்த விலைக்கு அது ஈடா என்பதற்கா, கொண்டுவந்தவரின் பண்புக்கா, விளம்பரம் சொன்னதும் கைக்கு வந்ததும் ஒன்றா என்பதற்கா? ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய கேள்விக்கு விடையளிக்கிறார்கள். பின்னர் அவ்விடைகள் ஒரே கேள்விக்கு உரியவை போலக் கூட்டப்படுகின்றன.

3. மொழியியலாளரின் சொல்லும் அளவையாளரின் தடையும்

இந்த இடத்தில் மொழியியல் வரலாற்றின் ஒரு கட்டுரை துணைக்கு வருகிறது. எட்வர்ட் சபீர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1944இல், தரப்படுத்தலின் பொருண்மையியல் குறித்து அவர் எழுதிய கட்டுரை வெளியானது. எண்ணுவதற்கும் அளப்பதற்கும் முன்பே மனிதர் தரப்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் தொடக்கம். 'பெரிது', 'சிறிது', 'நன்று', 'தீது' போன்ற சொற்கள் தனித்த பண்புகளைக் குறிப்பன போலத் தோன்றும். உண்மையில் அவை ஒவ்வொன்றும் ஒரு நெறியளவோடு செய்யப்பட்ட ஒப்பீட்டின் சுருக்கம். அந்த நெறியளவு வாக்கியத்தில் தென்படாது. 'பெரிய எறும்பு', 'சிறிய யானை' என்ற தொடர்களைக் கேட்டு எவரும் குழம்புவதில்லை. எறும்புக்கு உரிய நெறியும் யானைக்கு உரிய நெறியும் பேசுபவர் கேட்பவர் இருவருக்கும் பொதுவாக இருப்பதே அதற்குக் காரணம்.

நட்சத்திரம் இடுபவரிடமும் அத்தகைய நெறியளவு ஒன்று உண்டு; படிப்பவருக்கு அது தெரியாது. ஐந்நூறு ரூபாய்க் காலணிக்கு நான்கு நட்சத்திரம் தந்தவரும் ஐயாயிரம் ரூபாய்க் காலணிக்கு நான்கு நட்சத்திரம் தந்தவரும் வெவ்வேறு எதிர்பார்ப்புகளோடு ஒப்பிட்டார்கள். 'இந்த விலைக்கு' என்ற சொல் வாக்கியத்தில் இருந்தால் வேறுபாடு விளங்கும். நட்சத்திரத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

சபீரின் கட்டுரை வெளியாகி இரண்டு ஆண்டுகளில், 1946இல், ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அளவுகோல்களை நான்காக வகுத்தார். பேருந்துத் தட எண் போலப் பெயரிட மட்டும் பயன்படும் எண். பந்தயத்தில் முதலிடம் இரண்டாமிடம் போல வரிசையை மட்டும் காட்டும் எண். செல்சியஸ் வெப்பநிலை போல இடைவெளிகள் சமமான எண். எடை, நீளம் போல உண்மையான சுழியத்தில் தொடங்கும் எண். வரிசையை மட்டும் காட்டும் எண்களில் இடைவெளி சமம் என்ற உறுதி இல்லை; ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் சராசரி காண்பது அங்கே தகாது. நடைமுறையில் அது பயன் தருவதால் ஆய்வாளர்கள் கைவிடுவதில்லை என்பதை ஸ்டீவன்ஸும் ஒப்புக்கொண்டார். அதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

நட்சத்திரங்கள் வரிசை எண்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தொலைவும் நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள தொலைவும் ஒன்று என்று எவரும் நிறுவவில்லை. ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேரும் மூன்று நட்சத்திரம் தருகிறார்கள். இன்னொன்றுக்கு ஐந்து பேர் ஐந்தும், ஐந்து பேர் ஒன்றும் தருகிறார்கள். இரண்டின் சராசரியும் 3.0. முதல் நாற்காலி எவருக்கும் பெரிய மகிழ்ச்சியோ துயரமோ தராதது. இரண்டாவது, பாதிப் பேருக்கு உடைந்த நிலையில் வந்திருக்கலாம். வாங்குபவருக்கு வேண்டிய செய்தி முழுவதும் சராசரிக்கு வெளியே நிற்கிறது.

'சராசரி' என்ற சொல்லே இதைக் காட்டும். கணக்கில் அது கூட்டி வகுத்த எண். பேச்சிலோ 'சராசரியான படம்' என்றால் எடுபடாத படம். இணையக் கடைகளில் இவ்விரு பொருள்களும் விலகிப் போய்விட்டன. பெரும்பாலான பொருள்கள் நான்குக்கு மேல் நிற்கும் இடத்தில் கணக்குச் சராசரி நான்கைத் தாண்டிவிடுகிறது. அளவுகோலின் நடுவில் உள்ள மூன்று என்ற எண், நடுத்தரம் என்ற பொருளை இழந்து தோல்வியின் அடையாளமாகிறது. 'நன்றாகவே இருக்கிறது' என்று எண்ணி நான்கு தருபவர், தாம் குறை சொன்னதாகப் பொருள்கொள்ளப்படும் என்று அறிவதில்லை.

4. வலையில் இரு மரபுகளும் கலந்தது

அமேசான் 1995இல் புத்தகக் கடையாகத் திறந்தபோதே வாசகர்கள் மதிப்புரை எழுத இடம் தந்தது. ஈபே ஏல நிறுவனத்தில் பியர் ஒமிட்யார் 1996இல் பின்னூட்ட முறையைத் தொடங்கினார். ஒருவரையொருவர் பார்த்திராத இருவர் பணமும் பொருளும் மாற்றிக்கொள்ள வேண்டிய சூழலில் நம்பிக்கைக்கு வேறு வழி இல்லை. வாங்குபவர் விற்பவரையும், விற்பவர் வாங்குபவரையும் மதிப்பிட்டனர். நிறை, நடுநிலை, குறை என மூன்றே விடைகள். அருகில் ஒரு வரிக் குறிப்பு.

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகியோர் 1999ஆம் ஆண்டின் ஈபே பரிமாற்றங்களை ஆராய்ந்தனர். வாங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மட்டுமே பின்னூட்டம் இட்டிருந்தனர். இட்டவற்றில் 99.1 விழுக்காடு நிறை, 0.6 விழுக்காடு குறை, எஞ்சியது நடுநிலை. இந்த எண்களை இருவகையாகப் படிக்கலாம். விற்பவர்கள் அனைவரும் நேர்மையாளர்கள் என்பது ஒரு வாசிப்பு. மனக்குறை உள்ளவர்களில் பலர், பதிலுக்குத் தமக்கும் குறை எழுதப்படும் என்று அஞ்சி மௌனமாக இருந்தார்கள் என்பது இன்னொரு வாசிப்பு. ஈபே பின்னாளில் செய்த திருத்தங்கள் இரண்டாவது வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. 2007இல் பொருள் விவரித்தபடி இருந்ததா, தொடர்புகொண்ட முறை எப்படி, அனுப்பிய வேகம் எப்படி, அனுப்பும் கட்டணம் எப்படி என்ற நான்கு தனிக் கேள்விகளை அது சேர்த்தது. 2008இல் விற்பவர்கள் வாங்குபவருக்குக் குறைப் பின்னூட்டம் இடுவதை நிறுத்தியது. 2014இல் ஏர்பிஎன்பி, விருந்தினரும் வீட்டுக்காரரும் எழுதிய மதிப்புரைகளை இருவரும் எழுதி முடித்த பிறகே ஒருசேர வெளியிடத் தொடங்கியதும் இதே அச்சத்தைப் போக்கத்தான்.

நட்சத்திரங்களிலும் இந்தச் சாய்வு தெரிந்தது. நான் ஹு, பால் பாவ்லு, ஜே ஜாங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட கட்டுரை, அமேசானில் பெரும்பாலான பொருள்களின் மதிப்பீடுகள் ஆங்கில 'ஜே' எழுத்தின் வடிவில் பரவியிருப்பதைக் காட்டியது. ஐந்தில் பெருங்குவியல், ஒன்றில் சிறுகுவியல், நடுவில் பள்ளம். ஒரு பொருளைக் கொடுத்து எல்லோரையும் மதிப்பிடச் சொன்னபோது அந்தப் பள்ளம் மறைந்து நடுவில் மேடு எழுந்தது. தரத்தைப் பற்றிய கருத்து இயல்பில் இருமுனைப்பட்டது அல்ல. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் சினந்தவரும் எழுதவருகிறார்கள், 'சரிதான்' என்று எண்ணியவர் எழுதாமல் போகிறார் என்பதே இதன் பொருள்.

முன்பு வந்தவரின் குரல் பின்பு வருபவரைத் தொடுவதும் அளந்து காட்டப்பட்டது. லெவ் முச்னிக், சினன் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் செய்தித் தளம் ஒன்றில் சில கருத்துகளுக்கு ஆதரவு வாக்கு ஒன்றைத் தாமே முன்கூட்டி இட்டுப் பார்த்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, அத்தகைய கருத்துகளின் இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. லைக்கர்ட்டின் மாணவர்கள் பிறர் விடையைப் பார்க்காமல் தாளில் குறித்தவர்கள். இணையத்தில் மதிப்பிடுபவர், முன்னவர்களின் சராசரியைப் பார்த்துக்கொண்டே மதிப்பிடுகிறார்.

நிறுவனங்கள் சில அளவுகோலையே கைவிட்டன. ஐந்து நட்சத்திரங்களே மிகுந்து வருவதைக் கண்ட யூடியூப் 2010இல் விருப்பம், விருப்பமின்மை என்ற இரண்டுக்கு மாறியது. நெட்பிளிக்ஸ் 2017இல் கட்டைவிரலுக்கு மாறியது. இரண்டே விடை என்பது தான் அளக்காததை அளந்ததாகப் பாசாங்கு செய்யாது. அந்த அளவில் அது நேர்மையானது. ஆனால் 'ஓரளவு' என்று சொல்ல விரும்புபவருக்கு அதில் இடம் இல்லை.

5. எண்ணுக்குக் கீழே வாழ்பவர்கள்

இவை அனைத்தும் அளவையியல் நுட்பங்களாக மட்டும் இருந்தால் ஆய்வரங்குக்கு வெளியே எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆனால் எண் விற்பனையைத் தீர்மானிக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாய் விவரங்களோடு யெல்ப் தளத்தின் மதிப்பீடுகளை மைக்கேல் லூக்கா ஒப்பிட்டார். 2011இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நட்சத்திர உயர்வு வருவாயை 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்த்தியது. இந்த விளைவு தனி உணவகங்களில் தெரிந்தது. பெயர்பெற்ற சங்கிலித்தொடர் உணவகங்களில் தெரியவில்லை. எண்ணின் பிழையைத் தாங்கும் வலிமை பெரிய பெயருக்கு உண்டு. சிறு வணிகருக்கு இல்லை.

பொருளை மதிப்பிட வந்த நட்சத்திரம் பின்னர் பொருளைக் கொண்டுவருபவரையும் வண்டி ஓட்டுபவரையும் வீட்டுக்கு வந்து அழகுக்கலைப் பணி செய்பவரையும் மதிப்பிடத் தொடங்கியது. இந்தியாவில் இதன் கூர்மை வெளிப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று 2021 அக்டோபரில் நடந்தது. குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பணியாளர்களான பெண்கள் போராடினார்கள். நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தரகுத்தொகையோடு, வாடிக்கையாளர் தரும் மதிப்பீடு தங்கள் வேலைவாய்ப்பைத் தீர்மானிப்பதும் அவர்கள் எழுப்பிய குறைகளில் இருந்தது. மனப்பான்மை ஆய்வில் ஒருவர் பிழையாகக் குறித்தால் ஆய்வாளரின் அட்டவணையில் ஓர் எண் மாறும். இங்கே பிழையாகக் குறித்தால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் மாறும். நான்கு நட்சத்திரம் தருபவர் 'நன்று' என்கிறார். கேட்கும் கணினிக்கு அது 'போதாது' என்று கேட்கிறது. இருவருக்கும் பொதுவான அகராதி இல்லை.

6. சொற்களைத் திரும்பக் கொண்டுவருதல்

நியாயமான அளவுகோலுக்கு வேண்டிய கருவிகளில் பல, மேலே கண்ட வரலாற்றிலேயே கிடக்கின்றன.

சிறிய எண்ணிக்கையின் சிக்கலை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒருவர் பாராட்டிய பொருள் நூறு விழுக்காட்டோடு முதலிடத்தில் நிற்பது நியாயம் ஆகாது. எட்வின் வில்சன் 1927இல் வகுத்த சூத்திரம் இதற்கு உதவும். விகிதத்தை அப்படியே எடுக்காமல், கிடைத்த சான்றைக் கொண்டு அது எவ்வளவு குறைவாக இருக்கக்கூடும் என்ற கீழெல்லையை அது தருகிறது. 95 விழுக்காட்டு நம்பக நிலையில், ஒருவரில் ஒருவர் பாராட்டிய பொருளின் கீழெல்லை ஏறத்தாழ 21 விழுக்காடு; 200 பேரில் 180 பேர் பாராட்டிய பொருளின் கீழெல்லை 85 விழுக்காடு. லைக்கர்ட்டின் ஆய்வேட்டுக்கும் ஐந்தாண்டு மூத்த சூத்திரம் இது.

ஒளிவட்டத்துக்கு மருந்து, கேள்விகளைப் பிரிப்பது. பொருளுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, கொண்டுசேர்த்ததற்கு ஒன்று. தார்ன்டைக் கண்டதுபோல, பிரித்துக் கேட்டாலும் படர்தல் முழுதும் நீங்காது. ஆனால் தாமதமாக வந்த பெட்டியின் மீதான கோபத்தைக் கொட்டத் தனி இடம் இருந்தால் மிக்சியின் மதிப்பெண் ஓரளவு தப்பும். மௌனத்துக்கு மருந்து, எழுதவந்தவரை மட்டும் எண்ணாமல் வாங்கியவர்களிலிருந்து சிலரைக் குறிப்பின்றித் தேர்ந்து கேட்பது. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்ற இரு எண்களையும் அருகருகே காட்டுவது. சராசரியை மட்டும் காட்டாமல் பரவலைக் காட்டுவதும், தாம் மதிப்பிட்டு முடிக்கும்வரை முன்னவர்களின் சராசரியை மறைத்துவைப்பதும் கடினமான வேலைகள் ஆகா.

இந்தியத் தர அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. இணைய நுகர்வோர் மதிப்புரைகளைத் திரட்டல், நெறிப்படுத்தல், வெளியிடல் ஆகியவற்றுக்கான விதிகளைக் கொண்டது அது. அப்போது எழுந்த பொது விவாதம் பெரும்பாலும் போலி மதிப்புரைகளைச் சுற்றியே நின்றது. போலிகளைக் களைவது தேவை. ஆனால் உண்மையான வாங்குநர் நேர்மையாக இட்ட நட்சத்திரமும், அதன் பொருள் வரையறுக்கப்படாதவரை, பிழையான செய்தியையே தரும்.

ஆகவே கடைசியாகவும் முதன்மையாகவும் வேண்டியவை சொற்கள். எல்லாப் படிகளுக்கும் சொல் எழுதிய அளவுகோல்கள், முனைகளுக்கு மட்டும் சொல் எழுதியவற்றைவிட நம்பகமான விடைகளைத் தருகின்றன என்பது கருத்துக்கணிப்பு முறையியலில் பரவலாக ஏற்கப்பட்ட ஒன்று. அந்தச் சொற்கள் எங்கிருந்து வரவேண்டும் என்பதே இந்தியா போன்ற பன்மொழி நாட்டில் எழும் வினா. இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு.

சார்லஸ் ஆஸ்குட், ஜார்ஜ் சூசி, பெர்சி டனன்பாம் ஆகியோர் 1957இல் வெளியிட்ட நூலில், எதிரெதிர்ப் பெயரடைகளுக்கு இடையே ஏழு படிகள் வைத்துச் சொற்பொருளை அளக்கும் முறையை விளக்கினர். பின்னர் ஆஸ்குட் குழுவினர் அதைப் பல மொழிச் சமூகங்களுக்கு விரித்தனர். தில்லி இந்தி, கல்கத்தா வங்காளம், மைசூர் கன்னடம் ஆகியனவும் அவற்றுள் இருந்தன. முடிவுகள் 1975இல் நூலாயின. அங்கே அவர்கள் ஆங்கிலப் பெயரடைகளை மொழிபெயர்த்து அளவுகோல் செய்யவில்லை. பொதுவான பெயர்ச்சொற்களின் பட்டியலைத் தந்து, அவற்றுக்குத் தோன்றும் பெயரடைகளை அந்தந்த மொழிபேசுபவரிடமிருந்தே பெற்றார்கள். அவற்றின் எதிர்ச்சொற்களையும் அவர்களிடமே கேட்டார்கள். அளவுகோல் அந்த மொழிக்குள்ளிருந்து எழுந்தது.

இதன் தேவையைத் தமிழின் ஒரு சொல்லே உணர்த்தும். மூன்றாம் நட்சத்திரத்துக்குப் 'பரவாயில்லை' என்று எழுதலாம் எனத் தோன்றும். விருந்தாளி சாப்பாட்டைப் பற்றிப் 'பரவாயில்லை' என்றால் சமைத்தவர் மனம் வாடும். எதிர்பாராத நல்ல மதிப்பெண்ணைக் கண்டு 'பரவாயில்லையே!' என்றால் அது பாராட்டு. ஓர் ஏகாரம் சொல்லை அளவுகோலின் நடுவிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. இத்தகைய சொல்லை எந்தப் படியில் வைப்பது என்பதைப் பேசுபவர்களிடம் சோதித்துத்தான் அறியவேண்டும். சென்னையில் கிடைக்கும் விடையும் நாகர்கோவிலில் கிடைக்கும் விடையும் ஒன்றாக இருக்கும் என்று முன்கூட்டி முடிவு செய்வதற்கும் இல்லை. ஒவ்வோர் இந்திய மொழியிலும் இதுபோன்ற சொற்கள் காத்திருக்கின்றன.

மிஷெலின் 1936இல் மூன்று நட்சத்திரங்களுக்கு மூன்று வாக்கியங்கள் எழுதியது. லைக்கர்ட் ஐந்து எண்களுக்கு ஐந்து சொற்றொடர்கள் எழுதினார். இரண்டும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. இன்று கோடிக்கணக்கானோர் தொடும் ஐந்து நட்சத்திரங்களை வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு நட்சத்திரமும் எந்த வாக்கியத்துக்குப் பதிலாக நிற்கிறது என்பதை முதலில் எழுதிப்பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தை இடுபவரும் படிப்பவரும், மதிப்பிடப்படும் பணியாளரும், ஒரே பொருளில் புரிந்துகொள்கிறார்களா என்று அவரவர் மொழியில் கேட்டுப்பார்க்க வேண்டும். கணினி அறிஞர்களுக்கும் புள்ளியியலாளர்களுக்கும் அந்தப் பணியில் பங்கு உண்டு. மொழியியல் துறைகளுக்கோ அது சபீர் காலம் முதல் நிலுவையில் உள்ள வேலை.